வாடும் உளுந்துக்கு டி.ஏ.பி. கரைசலா, பயறு ஒண்டரா?

சம்பா அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்து பூவெடுக்கும் நேரத்தில் வறட்சியில் சிக்கினால், மண்ணில் இடும் உரத்தால் உடனடிப் பயன் இல்லை. ஈரம் இல்லாத மண்ணில் உரம் கரையாது. கரையாத உரம் வேருக்குச் சேராது. ஆகவே இலைவழி ஊட்டம் தேவை என்பதில் பெரிய விவாதம் இல்லை. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசலா, பயறு வகைகளுக்கென்றே உள்ள பயறு ஒண்டர் என்ற ஊட்டக் கலவையா, எதைத் தெளிப்பது என்பதில்தான் குழப்பம். மதுராந்தகம் பக்கம் உள்ள குடும்ப நிலத்தில் இரண்டையும் தெளித்துப் பார்த்த பிறகு, சென்னையில் குடியிருந்தபடி பயிர் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பயறு ஒண்டரே பொருந்தும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

விலையில் டி.ஏ.பி.யை யாரும் வெல்ல முடியாது. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்ற கணக்கில், 2 சதவீதக் கரைசலுக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் 4 கிலோவின் விலை 108 ரூபாய்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் ஏக்கருக்கு 2 கிலோ வேண்டும். அதற்கான செலவு இதைவிடச் சில மடங்கு அதிகம். மருந்துச் செலவை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடுவார்.

ஆனால் கணக்கைத் தீர்மானிப்பது மருந்து அல்ல, ஆள்கூலியும் தயாரிப்பு வேலையும்தான். டி.ஏ.பி. நீரில் முழுமையாகக் கரையும் உரம் அல்ல. 4 கிலோவை 10 லிட்டர் நீரில் முந்தின இரவே ஊறவைத்து, காலையில் அசைக்காமல் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராகப் பெருக்க வேண்டும். வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் மணல்போன்ற கசடு தங்கும். அவசரத்தில் வாளியைச் சாய்த்து ஊற்றினால் அந்தக் கசடு டேங்குக்குள் போய், இரண்டு வரிசை அடிப்பதற்குள் தெளிப்பானின் முனையை (நாசில்) அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்வதிலேயே காலை நேரம் போய்விடும், அதற்குள் வெயிலும் ஏறிவிடும். இத்தனையும் ஒருமுறையோடு முடிவதில்லை. பூக்கும்போது ஒன்று, 15 நாள் கழித்து மற்றொன்று என்று இரு தெளிப்புகள் பரிந்துரை. ஊரிலேயே இருப்பவருக்கு இது ஒரு பொருட்டல்ல. வார இறுதியில் தாம்பரம் தாண்டிப் பேருந்து பிடித்துப் போகிறவர், ஊறவைக்க ஒருவரையும் தெளிக்க ஒருவரையும் தொலைபேசியிலேயே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களில் ஒருவர் வராவிட்டாலும் அந்த வாரத் தெளிப்பு தள்ளிப்போகும், பூவோ அதற்காகக் காத்திருக்காது.

பயறு ஒண்டரைத் தெளிக்கும் நாளிலேயே 200 லிட்டர் நீரில் கலந்து, கரைசல் இலையில் படிந்து நிற்க ஒட்டும் திரவம் சேர்த்து, பூக்கும் பருவத்தில் ஒருமுறை அடித்தால் போதும். ஒரு தெளிப்புக் கூலி மிச்சமாவதால் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிறது. மேலும் டி.ஏ.பி. தருவது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மட்டுமே. ஒண்டரில் ஊட்டச்சத்துகளோடு வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. பூ உதிர்வது குறையும், வறட்சியை ஓரளவு தாங்கும், விளைச்சல் 20 சதவீதம் வரை கூடும் என்பது பல்கலைக்கழகத்தின் கூற்று. பூ உதிர்வு குறைந்ததை வயலில் கண்டேன். தெளிக்காத பாத்தி ஒன்றை விட்டு எடைபோட்டு ஒப்பிட்டதில்லை என்பதால், அந்த 20 சதவீதத்துக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். கடைகளில் எப்போதும் கிடைக்கும் பொருளும் அல்ல. பூவெடுக்கும் முன்பே வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வறட்சிக்கு 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடும் மெத்தைலோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்க் கரைசலும் பரிந்துரையில் உள்ளன. முதலாவதை ஒரு பருவம் மட்டும் பயன்படுத்தியதால் தீர்ப்பு சொல்லத் துணியவில்லை. இரண்டாவது என் வயலுக்கு இன்னும் வரவில்லை.

 

உளுந்தில் எதைத் தெளித்தாலும், இலை துவண்டு தொங்கும் நண்பகலில் தெளிக்கக் கூடாது. கரைசல் இலைக்குள் இறங்குமுன் காய்ந்து, உப்பு படிந்து, இலை விளிம்பு கருகும். மாலையில் இலை நிமிர்ந்த பிறகு, இரு பக்கமும் நனையுமாறு அடிக்க வேண்டும். முடிந்தால் அதற்கு முன் பயிர் பிழைக்க ஒருமுறையாவது தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும்.