பஞ்சிகாவத்தையில் செய்வித்த பெஞ்ச்: ஓர் இரும்புக்கடைக்காரரின் மதிப்பீடு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்: 48,500 ரூபாய். பாதி முற்பணம், மீதி சாமானை ஏற்றும்போது. பட்டறை பஞ்சிகாவத்தைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, பில் புத்தகமும் இல்லை. ஆகவே பெயர் கேட்காதீர்கள். வற் வரி 18 வீதமான பிறகு இறக்குமதிப் பெஞ்சின் விலையை ஒரு கடையில் கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பியவன் நான்.

வாங்கியது பெஞ்ச் பிரஸ், அதாவது மல்லாந்து படுத்தபடி பாரத்தை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி, செய்வதற்கான பெஞ்ச். பார் (இரு முனையிலும் பிளேட் எனும் பாரத்தட்டுகளைக் கோக்கும் இரும்புத் தண்டு) வைக்க இரண்டு தூண்கள், கை தோற்றால் பாரைத் தாங்க இரண்டு பாதுகாப்புக் கைகள், ரெக்சின் போட்ட படுக்கைப் பலகை. அவ்வளவுதான். நான் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறேன். பாரம் விற்கிறவன், தூக்குகிறவன் அல்ல. தூக்குவது மகள், கம்பஸில் இரண்டாம் வருடம், 63 கிலோ உடல்நிறைப் பிரிவு. எனவே இரும்பைப் பற்றி இங்கே சொல்வதற்கு நான் பொறுப்பு. தோள், மணிக்கட்டு பற்றியதெல்லாம் அவள் சொன்னது.

கொழும்பில் நடந்த ஒரு வலுதூக்கல் (பவர்லிஃப்டிங்) போட்டியில் பெஞ்ச் பிரஸுக்கு மட்டும் பெயர் கொடுத்திருந்தாள். மூன்று முயற்சியும் செல்லாமல் போயிற்று. மூன்றும் 55 கிலோ. இந்த விளையாட்டில் முதல் முயற்சிக்கு ஒரு பாரத்தைக் கொடுத்து அது தவறினால், அடுத்ததற்கு அதே பாரம் அல்லது அதைவிடக் கூடியதுதான் கேட்கலாம், குறைக்க முடியாது. ஆகவே முதலாவது போனதும் மீதி இரண்டும் அதே 55. பெயருக்கு நேரே ஓர் இலக்கமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தோம். ஓட்டோவில் அவள் வாயே திறக்கவில்லை. கொச்சிக்கடை தாண்டிய பிறகுதான் "அப்பா, வீடியோ எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எடுத்திருந்தேன்.

அந்த வீடியோவை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம் என்று தெரியாது. முதல் முயற்சியில் பாரை இறக்கினாள், நெஞ்சில் பட்டது, உடனே எழுப்பினாள். அவள் போய்வந்த ஜிம்மில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் தடுப்பதில்லை. போட்டியிலோ தலைமை நடுவர் மூன்று கட்டளை தருவார்: ஸ்டார்ட் (தொடங்கு), பிரெஸ் (மேலே தள்ளு), ரெக் (தாங்கியில் வை). பார் நெஞ்சில் அசையாமல் நின்ற பிறகுதான் 'பிரெஸ்' வரும். நடுவர் வாயைத் திறப்பதற்குள் பார் மேலே போய்விட்டது. மூன்று சிவப்பு விளக்கு. பாரம் லேசாக ஏறியதுதான் கொடுமை.

இரண்டாவதில் கட்டளைக்குக் காத்திருந்தாள். ஆனால் குதிக்கால் தரையை விட்டு எழும்பிவிட்டது. பாதம் முழுவதும் தரையில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. இவள் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். போட்டிப் பெஞ்சின் உயரம் 42 முதல் 45 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும். ஜிம் பெஞ்சை நான் பிறகு ரேப் வைத்து அளந்தேன், 39தான். அந்தச் சில சென்ரிமீற்றரில் குதிக்கால் அந்தரத்தில் தொங்குகிறது. காலுக்கடியில் 30 சென்ரிமீற்றர் உயரம் வரை கட்டை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்க அவளுக்கு ஆள் இருக்கவில்லை.

மூன்றாவதில் எல்லாம் சரியாகச் செய்தாள். பார் நெஞ்சிலிருந்து ஒரு சாண் மேலே வந்து நின்றது, நின்றதுதான். பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குச் செரிக்காதது இந்த மூன்றாவதுதான். ஜிம்மில் 60 தூக்குகிற பிள்ளை 55இல் ஏன் நிற்க வேண்டும்? பயம், பதற்றம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நிறையில் சந்தேகம் வந்தால் இரும்புக்கடைக்காரன் முதலில் தராசைத்தான் எடுப்பான். கடையிலிருந்த தொங்குதராசைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஜிம்முக்குப் போனேன். எல்லோரும் 20 கிலோ என்று கணக்கில் வைத்திருந்த பார் 17.2. பத்து கிலோ என்று வார்த்திருந்த பிளேட்டுகளில் ஒன்று 9.4, இன்னொன்று 9.6, மற்றவையும் அந்த ரகம்தான். ஆக, அவளுடைய 60 உண்மையில் 55. அதுவும் நெஞ்சில் நிறுத்தாமல், பட்டவுடன் எழுப்பிய 55.

போட்டி மேடையில் கதை வேறு. பார் 20 கிலோ, கொலர் (பிளேட் நழுவாமல் இறுக்கும் பிடி) ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ; பிளேட் ஒன்றும் போடாமலே 25 ஆகிவிடும். பிளேட்டின் நிறை 0.25 வீதத்துக்கு அல்லது 10 கிராமுக்கு மேல் பிசகக் கூடாது என்று சர்வதேச விதி சொல்கிறது. மகள் முதல் முயற்சிக்கென்று எழுதிக் கொடுத்த பாரம், தன் வாழ்நாளில் தூக்கியதிலேயே ஆகக் கூடிய பாரம். அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும். ஜிம் பொறுப்பாளரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் அதே பார்தானே அண்ணன்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, போட்டிக்குப் போகாதவர்களுக்கு.

சரி, பெஞ்சுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு துண்டு இடம் இருக்கிறது. பாரின் நீளம் 2.2 மீற்றர், இரண்டு பக்கமும் ஆள் நின்று பிளேட் மாற்ற மட்டுமட்டாக இடம் காணும். பழைய பார் ஒன்றும் பிளேட்டுகளும் தேடி வாங்கி, ஒவ்வொன்றையும் தராசில் போட்டு, உண்மையான நிறையை வெள்ளைப் பெயின்றால் எழுதினேன். பெஞ்சை மட்டும் செய்விக்க வேண்டியிருந்தது.

தாளில் கீறிக்கொண்டு போனேன். உயரம் 44 சென்ரிமீற்றர். பலகையின் அகலம் 30, விதிப்படி 29க்கும் 32க்கும் இடையில் இருக்க வேண்டும். நீளம் 1.22 மீற்றருக்குக் குறையக் கூடாது. பார் தங்கும் இடம் தரையிலிருந்து 75 முதல் 110 வரை ஏற்றி இறக்கத் தக்கதாக இருக்க வேண்டும். இரண்டு தாங்கிகளுக்கும் உள்ளிடைவெளி 1.10 மீற்றர். வெல்டிங் பாஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரிக் கட்டிலா மாத்தயா?" என்று கேட்டார். விளக்கினேன். பெண்பிள்ளைக்கு என்றதும் இரண்டுக்கு இரண்டு அங்குலப் பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) காணும் என்றார். மூன்றுக்கு மூன்று, மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்று நான் அசையவில்லை. இதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெல்லிய பொக்ஸ் பாரில் செய்த பெஞ்ச் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு தூண் அடியில் ஆடத் தொடங்கும்.

முதலில் செய்துவைத்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தாளில் இருந்த 44ஐச் சட்டத்தின் உயரமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் முக்கால் அங்குலப் பிளைவூட், அதற்கு மேல் இரண்டங்குல ஸ்பொஞ்ச் வைத்திருந்தார். மொத்தம் கிட்டத்தட்ட 51. மகள் ஏறிப் படுத்தால் இரண்டு காலும் ஊஞ்சல்தான். பெஞ்சின் உயரம் என்பது அழுத்தாத நிலையில் ஸ்பொஞ்சின் மேல்மட்டம் வரை. பாஸ் முகம் சுளிக்காமல் நான்கு காலையும் வெட்டி, அடியில் பட்டை வைத்து மறுபடி ஒட்டிக் கொடுத்தார், அதற்குக் காசு கேட்கவில்லை. ஸ்பொஞ்ச் மட்டும் மெத்தென்று அமுங்கியது. தூள் ஸ்பொஞ்சை அழுத்திச் செய்த கெட்டி ரகத்தை மாற்றிப் போட 2,500 கூடுதல். மேலே சொன்ன விலை அதையும் சேர்த்துத்தான்.

வெல்டிங் வேலையில் குறை சொல்ல முடியாது. புள்ளி புள்ளியாகத் தட்டிவிடாமல் மூட்டு முழுவதும் ஓட்டியிருக்கிறார். கிரைண்டர் போட்டு அழகுபடுத்தவில்லை, அது எனக்குப் பிடித்தது; உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. ஏற்றுவதற்கு முன் பட்டறையிலேயே நான்கு சிமெந்துப் பைகளைப் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். பை ஒன்று 50 கிலோ. முனகவில்லை. தூண்களை போல்ட்டில் கழற்றலாம் என்பதால் பட்டா லொறியில் வந்து எங்கள் ஒடுங்கிய நடைக்குள் நுழைந்தது. ஒரே துண்டாக ஒட்டியிருந்தால் இன்றைக்கும் தெருவில்தான் கிடக்கும்.

அகலம் 30 என்பது மகளுக்கு முதலில் ஒத்துவரவில்லை. ஜிம் பெஞ்ச் அகலமானது, முதுகு சாய்ந்து கிடக்கும். இதில் தோள்பட்டைகளைப் பின்னுக்கு இறுக்கிப் பிடிக்காவிட்டால் உடம்பு ஒரு பக்கம் சரிகிறது. மேடையிலும் இப்படித்தானே இருந்தது என்று அவளே சொல்லிவிட்டாள். மிஞ்சிய பிளைவூட்டில் 60க்கு 40 அளவில் பத்து சென்ரிமீற்றர் உயரக் கட்டைகள் இரண்டு செய்து கொடுத்தேன். குதிக்கால் பதிந்த முதல் நாளே பாரம் வேறு மாதிரி ஏறியது என்றாள். கால் தரையைத் தள்ளினால்தான் நெஞ்சு பாரைத் தள்ளுமாம்.

கட்டளை கொடுப்பது என் வேலை. ஒருநாள் 'பிரெஸ்' உடனே சொல்வேன், ஒருநாள் மூச்சு முட்டும் வரை வைத்திருப்பேன், அவள் என் தாளத்தைப் பழகிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பொடியன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "பிரெஸ்!" என்று கத்தத் தொடங்கியிருக்கிறான். முன்பு எரிச்சலாக இருந்தது. இப்போது அவன் கத்தினாலும் அவள் அசைவதில்லை என்பதால் விட்டுவிட்டேன். சின்ன மகனுக்கும் வேலை உண்டு. ஞாயிறு வீரகேசரியில் ஒரு துண்டு கிழித்து அக்காவின் பின்புறத்துக்கடியில் வைத்து, பார் ஏறும்போது மெல்ல இழுப்பான். தாள் கையோடு வந்தால் பின்புறம் எழும்பியிருக்கிறது என்று அர்த்தம், அந்த முறை செல்லாது. 2023இலிருந்து சர்வதேச விதியில் முழங்கை மூட்டின் அடிப்பக்கம் தோள் மூட்டின் மேல்மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அதைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்துத்தான் பார்க்கிறோம்.

எனக்கு ஆகப் பெரிய திருப்தி பாதுகாப்புக் கைகள். நான் கடையில் இருக்கும் நேரம் அவள் தனியாகப் படுத்துத் தூக்குகிறாள். கை தோற்றால் முதுகைத் தளர்த்தினால் போதும், பார் கழுத்துக்கு வராமல் இரும்பில் உட்கார்ந்துவிடும். பட்டறையில் இதை வேண்டாம் என்று சொல்லிக் காசைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குறைகளும் இருக்கின்றன. ரெக்சின் மினுங்கல் ரகம். கொழும்பு வியர்வையில் தோள் வழுக்குகிறது, இப்போதைக்குச் சொரசொரப்பான துணியொன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். பெயின்ற்றுக்கு அடியில் அண்டர்கோட் அடிக்கவில்லை. துறைமுகக் காற்று வருகிற எங்கள் பக்கம் போல்ட் ஓரங்களில் துரு இப்போதே எட்டிப் பார்க்கிறது. பில் இல்லாததால் பிறகு போய்க் கேட்க ஒன்றுமில்லை, பாஸின் முகம்தான் உத்தரவாதம். தூணில் உள்ள துளைகள் ஐந்து ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்று. அதுதான் உண்மையான தொல்லை. இவள் கையளவுக்கு ஒரு துளையில் பார் கூட உயரம், அடுத்ததில் கூடத் தாழ்வு. பாரை எடுக்கும்போதே தோள் இறுக்கம் கலைந்துவிடுகிறது. தாங்கியில் ஒரு மரத்துண்டு செருகிச் சமாளிக்கிறோம்.

அடுத்த போட்டிக்கு முதல் முயற்சி 50 என்கிறாள் மகள். நான் 47.5 என்கிறேன். பார், கொலரோடு 25, பக்கத்துக்கு ஒரு பத்தும் ஒன்றேகாலும். நித்திரைக் கலக்கத்திலும் நிறுத்திக் காட்டுவாள். தாய் அவள் பக்கம். முடிவாகவில்லை.

ஜிம்முக்கு வாங்குகிறவர்கள் இதைவிட நல்ல ஸ்பொஞ்ச் வேலையைப் பார்க்கலாம். வீட்டில் வைத்து, போட்டிக்கென்று பழகுகிறவர்களுக்கு இந்த விலையில் இது தாராளம். போவதானால் தாளில் ஒவ்வொரு அளவுக்கும் அம்புக்குறி போட்டு, 44 என்பது ஸ்பொஞ்சின் மேல் வரை என்று எழுதிக்கொண்டு போங்கள். போயா நாளில் பட்டறை பூட்டு. துளைகளை இரண்டரை சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கேளுங்கள். துளையிடக் கூலி கூடும் என்று முணுமுணுப்பார், கொடுத்துவிடுங்கள்.