நான்கு படி போக்கர் செயலி: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மக்கள் கவனத்துக்கு

"நான்கு படி போக்கர், கடைசிப் படியில் எட்டு மடங்கு" என்று ஒரு செயலி பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கைமாறிக்கொண்டிருக்கிறது. பிளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பாயின்ட்டையும் அவரிடமேதான் காசு கொடுத்து ஏற்ற வேண்டும். காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டும் என் மைத்துனரிடம் இது 38,000 ரூபாயைக் கறந்துவிட்டது. அது போதாதென்று, 'ஜெயிக்கும் முறை' என்று லேமினேட் செய்த ஓர் அட்டையை 1,500 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணம் போனதைவிட அந்த அட்டைதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

அமெரிக்க கேசினோக்களில் 'மல்டி ஸ்ட்ரைக்' என்று ஒரு வீடியோ போக்கர் ஆட்டம் உண்டு. வீடியோ போக்கரில் எதிராளி இல்லை. இயந்திரம் ஐந்து சீட்டு தரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு முறை மாற்றலாம். அது ஒரு கை. மல்டி ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு படியும் ஒரு கை. இது அதைப் பார்த்துச் செய்தது. படிக்கு 5 காயின் வீதம் நான்கு படிக்கும் 20 காயினை முதலிலேயே கட்டிவிட வேண்டும். ஒரு படியில் ஜெயித்தால்தான் அடுத்த படி. பரிசு 1, 2, 4, 8 மடங்கு என்று ஏறும். முதல் படியில் தோற்றால் 20 காயினும் போயிற்று. எட்டு மடங்கை யாரும் தானமாகத் தரவில்லை. மேல்படிக்கும் சேர்த்து நாம்தான் கட்டியிருக்கிறோம்.

இந்தக் கணக்கு சரிப்பட வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டில் ஒரு முறை படி ஏற வேண்டும். படிகளில் ஆடும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்திலோ (ஜாக் ஜோடி அல்லது அதைவிட உயர்ந்த கைக்குத்தான் பரிசு) 100 கைக்குச் சுமார் 45 கைதான் ஏதாவது பரிசு பெறும். குறைகிற அந்த ஐந்தை ஈடுகட்டத்தான் அசல் ஆட்டத்தில் 'ஃப்ரீ ரைடு' சீட்டு இருக்கிறது. அது வந்தால் தோற்ற கைக்கும் மேல்படி திறக்கும். இந்தச் செயலியின் இலவசப் பயிற்சியில் ஃப்ரீ ரைடு தாராளமாக வருகிறது. காசு ஆட்டத்தில் வரவே இல்லை. மைத்துனரின் ஆட்டப் பதிவு முழுவதையும் உட்கார்ந்து புரட்டினேன், ஒன்றுகூட இல்லை.

பரிசுப் பட்டியலிலும் கைவைத்திருக்கிறார்கள். பயிற்சியில் ஒரு காயினுக்கு, ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் இரண்டு சீட்டு) வந்தால் 9, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சூட், அதாவது ஒரே சின்னம்) வந்தால் 6. ஒற்றைப் படி ஆட்டத்தில் தவறில்லாமல் ஆடினால் நீண்ட காலத்தில் 100 ரூபாய்க்கு 99.54 ரூபாய் திரும்பும் பட்டியல் அது. காசு ஆட்டத்துக்கு மாறியதும் அதே இடத்தில் 6, 5 என்று இருக்கிறது. இதில் 95 ரூபாய்தான். மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ராயல் ஃப்ளஷ் (ஒரே சூட்டில் 10 முதல் ஏஸ் வரை) வந்தால் 5 காயினுக்கு 4,000 என்ற வரி மட்டும் தங்க நிறத்தில் மின்னும். அது ஏறக்குறைய 40,000 கைக்கு ஒரு முறை வருவது. ஃப்ரீ ரைடு இல்லாத நான்கு படியில் இந்த 6, 5 பட்டியலைப் பொருத்திப் பார்த்தேன். அவர்கள் அட்டையின்படியே பிசகாமல் ஆடினாலும் 100 ரூபாய்க்குச் சுமார் 82 ரூபாய்தான் தேறுகிறது.

அந்த அட்டைக்கு வருகிறேன். எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று ஒற்றைப் படி ஆட்டத்துக்கு உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் வரிசைதான் அது. கையில் ராஜா, ராணி, இரண்டு 4, ஒரு 8 இருக்கிறது என்று வையுங்கள். 4 ஜோடியை வைத்துக்கொள் என்கிறது அட்டை. ஒற்றைப் படியில் அது சரி. ஆனால் அந்த ஜோடி பரிசு பெறுவது 100க்கு 29 முறை. ஒரே சூட்டில் இல்லாவிட்டால்கூட ராஜாவும் ராணியும் பெறுவது 38 முறை. பரிசு சிறியதாக இருந்தாலும் மேலே ஏறுவதே முக்கியமான முதல் படியில் ஜோடியை விட வேண்டும். மேல்படிகளில்தான் அட்டை சொல்வது பொருந்தும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாத ஆள் 1,500 ரூபாய்க்கு வித்தை விற்கிறார்!

மீதமிருந்த 11,000 பாயின்ட்டைக் காசாக்கக் கேட்டபோது 30 சதவீத வரியை முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். இந்தியாவில் ஆன்லைன் விளையாட்டுப் பரிசுக்கான வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். வரியைத் தனியாக அனுப்பு என்று கேட்டாலே அது மோசடி. கல்மண்டபம் பக்கம் இருக்கும் ஏஜென்ட்டின் ரீசார்ஜ் கடைக்கு நானே போய்க் கேட்டேன். "கம்பெனி ரூல் சார், நான் வெறும் ஏஜென்ட். புகார் கொடுத்தால் உங்கள் வீட்டு ஆளும்தான் மாட்டுவார்" என்றார். இந்த மிரட்டலுக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், அவற்றை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று சொன்னேன். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பணம் போனவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். யுபிஐ பரிமாற்ற எண்கள், ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் அழிக்காதீர்கள். பயிற்சி ஆட்டத்தின் பரிசுப் பட்டியலையும் காசு ஆட்டத்தின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏஜென்ட்டிடம் வாய் திறப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். நாங்கள் கடைக்குப் போய்வந்த அன்று இரவே மைத்துனரின் கணக்கை முடக்கிவிட்டார்கள்.