பிரஷ்லெஸ்னு சொல்லி பிரஷ்டு வண்டிய தலைல கட்டறாங்க, ஆர்சி கார் வாங்கப்போறவங்க பாத்துக்கோங்க

மக்களே, ரீல்ஸ்ல மண்ணப் பறக்கவிட்டு ஓடற ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) காரு, ட்ரக்கு எல்லாம் பாத்துட்டு நாமளும் ஒண்ணு வாங்கி ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஏற்கனவே வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச விஷயமா இருக்கும், ஆனா சர்வீஸுக்கு அனுப்புன கதைய மட்டுமாவது படிங்க, அது யாருக்கு வேணா நடக்கலாம்.

நான் கோயம்புத்தூர் பக்கம். அக்கா பையன் பத்தாவது பரிட்சை முடிச்சான், "மாமா, ஒரு ஆர்சி வண்டி வாங்கலாம்"னு எங்கிட்ட நச்சரிச்சுட்டே இருந்தான், எனக்கும் சின்ன வயசுலருந்து இதுல ஆசைதான். வித்த ஆளு வெளியூரு, கடைன்னு எதுவும் கிடையாது, இன்ஸ்டாலயும் வாட்ஸப்லயும்தான் வியாபாரம். தெனமும் ஒரு வீடியோ, ஃபாலோயர்ஸும் நெறைய. போஸ்ட்ல போட்டிருந்தது இதுதான்: 1/14 ஸ்கேல் (நெஜ வண்டில பதினாலுல ஒரு பங்கு) பக்கி (மண்ணுல ஓட்டற கார்), 4 வீல் டிரைவ், மெட்டல் சேசிஸ், பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ள ஒரசற பிரஷ் இல்லாத, வெல கூடுன வகை, வெளக்கம் கீழ இருக்கு), 3எஸ் ரெடி (மூணு செல் பேட்டரியும் மாட்டலாம்). வெல 14,500, ஷிப்பிங் தனி. கூடவே "2எஸ்ல ஓட்டுனா ஒரு வாரத்துல போரடிச்சிரும் ப்ரோ, 3எஸ் ஒண்ணு சேத்து எடுத்துக்கோங்க, கையில நிக்காது"ன்னு 2,800 ரூவாய்க்கு ஒரு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் தள்ளி விட்டாரு. ஜிஎஸ்டி பில் கேட்டா "பார்சல்லயே வச்சு அனுப்பறேன்"னாரு. பார்சல்ல பில் இல்ல, ஒரு ஸ்டிக்கரும் ஒரு கீசெயினும்தான் இருந்துச்சு.

வண்டி பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அதுல பொய் சொல்லக்கூடாது. பெட்டிக்குள்ள வந்த 2எஸ் பேட்டரில ஊருக்கு வெளிய ஒரு காலி லேஅவுட்ல ஓட்டுனோம், நல்லா போச்சு, ரெண்டு மூணு தடவ குட்டிக்கரணம் அடிச்சும் எதுவும் ஒடையல. அப்பறம்தான் அந்த 3எஸ்ஸ மாட்டுனோம். ஆரம்பத்துல பேய் மாதிரி பறந்துச்சு, பையன் கத்தறான் சந்தோஷத்துல, சித்த நேரத்துலயே கருகற வாசம். கிட்டப் போயி பாத்தா ஸ்டியரிங் திரும்புது, வீல் சுத்தல, மோட்டாரத் தொட முடியல.

வாட்ஸப்ல மெசேஜ் போட்டேன். இந்த ஆளுகிட்ட ஒரு பழக்கம், சிக்கலான கேள்வி எதுக்கும் டைப் பண்ணி பதில் சொல்ல மாட்டாரு, உடனே கால்தான். கால் பண்ணி என்ன சொன்னாருன்னா, "நீங்க 3எஸ் போட்டிருக்கீங்க, இந்த வண்டி 2எஸ் மட்டும்தான், வாரண்டி போயிருச்சு." அந்த 3எஸ்ஸ வித்ததே நீங்கதானேன்னு கேட்டா, "அது நீங்க வேற வண்டிக்கு கேட்டீங்கன்னு நெனச்சேன்." அன்னிக்கு ராத்திரியே போஸ்ட் கேப்ஷன்ல இருந்து "3எஸ் ரெடி"ங்கறத தூக்கிட்டாரு. வாங்கறதுக்கு முன்னாடியே பையன் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பி பீத்திக்கிட்டிருந்தான், இன்னிக்கு வரைக்கும் எங்க கையில இருக்கற பெரிய ஆதாரமே அதுதான்.

அப்பறம் ஹீட்சிங்க்க (மோட்டார் சூட்டத் தணிக்கற உலோகத் துண்டு) கழட்டிப் பாத்தேன். மோட்டார் மேல ஃபேனோட ஒரு கருப்பு ஹீட்சிங்க் கவ்வியிருந்துச்சு, அது இருக்கறவரைக்கும் மோட்டாரோட பின்பக்கம் தெரியவே தெரியாது. கழட்டுனா உள்ள 550 சைஸ் பிரஷ்டு மோட்டார். மோட்டார்ல இருந்து வர்றதே ரெண்டு ஒயர்தான்.

புதுசா வர்றவங்களுக்கு இதக் கொஞ்சம் வெளக்கிடறேன், ஏன்னா ஏமாத்தறதே இந்த எடத்துலதான். பிரஷ்டு மோட்டாருக்கு ரெண்டு ஒயர். உள்ள ரெண்டு கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டர்ல (மோட்டாரோட சேந்து சுத்தற செம்பு வளையம்) ஒரசிக்கிட்டே கரண்ட் குடுக்கும், ஓட ஓட பிரஷ் தேயும், சில மோட்டார்ல பின்பக்கம் பாத்தா பிரஷ்ஷும் அதத் தள்ளற ஸ்பிரிங்கும் வெளியவே தெரியும். பிரஷ்லெஸ்ஸுக்கு மூணு ஒயர், உள்ள ஒரசற பிரஷ்ஷே கெடையாது, ஈஎஸ்சிதான் (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்தற சர்க்யூட்) மூணு ஒயருக்கும் மாத்தி மாத்தி கரண்ட் அனுப்பி சுத்த வைக்கும். அதனால பிரஷ்லெஸ் மோட்டாருக்கு அதுக்கான ஈஎஸ்சிதான் வேணும், பழைய பிரஷ்டு ஈஎஸ்சிய வச்சு ஓட்ட முடியாது. பிரஷ்டு மோசம்னு நான் சொல்லல. டபிள்யூஎல்டாய்ஸ் 144001னு ஒரு 1/14 பக்கி இருக்கு, அதுல 550 பிரஷ்டு மோட்டாரும் 7.4 வோல்ட் 1500 எம்ஏஹெச் (பேட்டரி எவ்ளோ சார்ஜ் தேக்கும்ங்கற அளவு) பேட்டரியும்தான், உலகம் பூரா எத்தன பேரு அதுல கத்துக்கிட்டாங்க. பிரஷ்டுன்னு சொல்லி அதுக்குண்டான வெலைக்கு வித்தா ஒரு பிரச்சனையும் இல்ல. இந்தாளு பிரஷ்டு வண்டிக்கு மேல ஹீட்சிங்க்க மாட்டி பிரஷ்லெஸ் வெலைய வாங்கியிருக்காரு.

3எஸ் போட்டா ஏன் கருகுதுன்னா, லிப்போ ஒரு செல்லு முழு சார்ஜ்ல 4.2 வோல்ட். 2எஸ்னா ரெண்டு செல்லு, 8.4. 3எஸ்னா 12.6. அதாவது ஒன்றரை மடங்கு. 2எஸ்ஸுக்கு செஞ்ச ஈஎஸ்சிக்கும் பிரஷ்டு மோட்டாருக்கும் இத ஏத்துனா எந்தப் பார்ட் மொதல்ல போகுதுங்கறது மட்டும்தான் கேள்வி. இது விக்கறவருக்குத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல, தெரிஞ்சேதான் பேட்டரிய சேத்து வித்தாருன்னு நான் அடிச்சு சொல்லுவேன், ஏன்னா எரிஞ்சா வாரண்டியும் இல்ல, ஸ்பேர் வியாபாரமும் ஆச்சு.

அந்தப் பேட்டரி கதை தனி. புது லிப்போன்னா ஸ்டோரேஜ் வோல்டேஜ்ல (ஓட்டாம வைக்கறப்ப இருக்கவேண்டிய அளவு), செல்லுக்கு 3.8 கிட்ட இருக்கணும், எல்லா செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். இது எங்களுக்கு வந்தப்பவே லிப்போ செக்கர் வச்சுப் பாத்தோம், ரெண்டு செல் 3.7, ஒண்ணு மட்டும் 3.1. கேட்டதுக்கு "ஒரு தடவ சார்ஜ் போட்டா சரியாயிரும்"னாரு. அந்த ஓட்டத்துக்கு அப்பறம் நடுவுல உப்பிருச்சு. பழைய பேட்டரிக்கு புது ஷ்ரிங்க் (பிளாஸ்டிக் மேலுறை) மாட்டி வித்த மாதிரிதான் எனக்குத் தோணுது, நிரூபிக்க முடியல. உப்புன லிப்போவ மறுபடி சார்ஜ் போடாதீங்க, ஊசி வச்சு குத்தி காத்து எடுக்கறேன்னு எவனாவது யூட்யூப்ல காட்டுனா கிட்ட கூடப் போகாதீங்க, பத்திக்கிட்டா வீடே போயிரும்.

இப்ப சர்வீஸ் மேட்டர். சண்ட போட்டப்பறம் "சரி அனுப்புங்க, பாத்து பண்ணித் தரேன்"னாரு. நம்ம செலவுல கூரியர். ரெண்டு வாரம் சத்தமே இல்ல. அப்பறம் ஒரு கால், டயக்னோஸ்டிக் சார்ஜ் 900, ஈஎஸ்சி மோட்டார் சேத்து 6,200. ஏன் இவ்ளோன்னா "கஸ்டம்ஸ் 70 பர்சன்ட் ப்ரோ, கவர்மென்டக் கேளுங்க." பொம்மைக்கு இறக்குமதி வரி ஏறுனது உண்மைதான், 2020ல 20ல இருந்து 60 ஆச்சு, 2023ல 70. வண்டி வெல ஏறுனதுக்கு அது ஒரு காரணம்னு நானே ஒத்துக்கறேன். ஆனா அதே பார்ட்ஸ் நம்மூர்லயே வேற ஒருத்தர்கிட்ட, அவரும் அதே வரி கட்டித்தான் எறக்கறாரு, பாதி வெல கூட இல்ல. கஸ்டம்ஸ்னு ஒரு வார்த்தைய சொன்னா நாம வாய மூடிக்குவோம்னு கணக்கு.

வேணாம், வண்டிய அப்டியே திருப்பி அனுப்புங்கன்னேன். 900 கட்டுனாத்தான் அனுப்புவேன்னாரு, கட்டித் தொலச்சேன். வந்த வண்டியக் கையில எடுத்து வீல சுத்துனா கொரகொரன்னு ரெண்டு சுத்துலயே நின்னு போகுது. எரிஞ்சது மோட்டாரு, வீலுக்கு என்ன கேடுன்னு நட்டக் கழட்டிப் பாத்தா, உள்ள இருந்த பால் பேரிங்க் எல்லாத்தையும் உருவிட்டு பிளாஸ்டிக் புஷ்ஷ (குண்டு இல்லாத வெறும் வளையம்) மாட்டி அனுப்பியிருக்காங்க. நாலு வீல்லயும்! பேரிங்க் இருந்தா வீல விரலால தட்டி விட்டா சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், புஷ்ஷுன்னா ஒரசி நின்னுரும், போதாததுக்கு செம்மண் தூசி பூந்தா சீக்கிரமே தேஞ்சு வீல் ஆட ஆரம்பிச்சிரும். அனுப்பறதுக்கு முன்னாடி நட்டு கழட்டி ஒவ்வொரு வீலா போட்டோ எடுத்து வச்சிருந்ததால தப்பிச்சோம், இல்லாட்டி "நீங்க குடுத்ததே இப்டித்தான்"னு முடிச்சிருப்பாரு. முடிக்கத்தான் பாத்தாரு, போட்டோவ அனுப்புனதும் ப்ளாக்.

அதுக்கப்பறம் 1915க்கு, அதாங்க நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், அடிச்சு கம்ப்ளைன்ட் பதிஞ்சேன். ஸ்க்ரீன்ஷாட், யூபிஐ ரசீது, பேரிங்க் போட்டோ எல்லாம் ஏத்துனேன். அந்தாளு பேஜ்ல "நோ ரிட்டர்ன் நோ ரீஃபண்ட்"னு பெருசா எழுதி வச்சிருந்தாரு, அத நம்பி நெறைய பேரு அடங்கிடறாங்க. 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி பொருள் பழுதா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாட்டியோ திருப்பி எடுக்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு விக்கறவர் சொல்லவே கூடாது. அவரா எழுதி வச்ச போர்டுக்கு மதிப்பு கெடையாது. ஹெல்ப்லைன்ல இருந்து கம்ப்ளைன்ட் அவருக்குப் போனதும் ஆளு தானா ப்ளாக்க எடுத்துட்டு 4,000 ரூவா அனுப்பறேன், கம்ப்ளைன்ட வாபஸ் வாங்குங்கன்னு வந்தாரு. வாங்கல. 2019 சட்டப்படி நம்ம ஊரு மாவட்ட நுகர்வோர் கமிஷன்லயே கேஸ் போடலாம், அவரு ஊருக்குப் போகவேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கெடையாது. போட்டிருக்கோம்.

சரி, இனிமே வாங்கறவங்க காசு அனுப்பறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னா, ஹீட்சிங்க் இல்லாம மோட்டார் ஒயர் தெரியற மாதிரி ஒரு போட்டோ கேளுங்க, ரெண்டா மூணான்னு எண்ணுனா போதும். நேர்மையா விக்கறவன் அடுத்த நிமிஷம் அனுப்புவான். அப்பறம் வண்டியோட மாடல் நம்பரக் கேளுங்க, "இம்போர்ட்டட் மாடல்"ன்னு இழுத்தா வெளிய வந்துருங்க. மாடல் நம்பர் கெடச்சா அதுக்கு ஏ-ஆர்ம் (வீலத் தாங்கற கை), டாக்போன் (வீலச் சுத்த வைக்கற கம்பி), ஸ்பர் கியர் (மோட்டார் சுத்தற பெரிய பல்சக்கரம்) இந்த மூணும் ஸ்டாக் இருக்கா, என்ன வெலன்னு கேளுங்க, வண்டி வெலையப் பேசறதுக்கு முன்னாடியே இதப் பேசுங்க. இந்தப் பொழப்புல ஒடையாத வண்டியே கெடையாது. டாய் கிரேடுக்கும் ஹாபி கிரேடுக்கும் உண்மையான வித்தியாசம் ஸ்பீடு இல்ல, ஒடஞ்சா பார்ட் கெடைக்குமாங்கறதுதான். டாமியா கம்பெனியோட கிராஸ்ஹாப்பர் 1984ல வந்த வண்டி, அத மறுபடி வெளியிட்டாங்க, பார்ட்ஸும் கெடைக்குது. நம்மாளு வித்த வண்டிக்கு ஏ-ஆர்ம் கேட்டா "அடுத்த லாட்ல பாக்கலாம்"ங்கறாரு.

பேட்டரில எம்ஏஹெச்ச நம்பாதீங்க. 18650 (உருளையா இருக்கற லித்தியம்) செல்லு ஒண்ணுக்கு 9800னு அச்சடிச்சு விக்கறானுங்க, அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 கிட்டதான் வரும். லிப்போவா இருந்தா பேலன்ஸ் சார்ஜர் (எல்லா செல்லையும் ஒரே அளவுக்கு ஏத்தறது) கட்டாயம், சார்ஜ் போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழ எறங்க விடாதீங்க. பார்சலப் பிரிக்கறத வெட்டாம வீடியோ எடுங்க. கால்ல என்ன பேசுனாலும் உடனே "நீங்க இப்ப 3எஸ் போடலாம்னு சொன்னீங்க, சரியா?"னு வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்பி வைங்க, பதில் வரலேன்னா அங்கயே புரிஞ்சுக்கலாம். காசே கட்டி வண்டியே வராம ஆளு காணாம போனா அது வேற, அதுக்கு உடனே 1930ல சைபர் க்ரைமுக்கு அடிக்கணும், லேட் பண்ண பண்ண பணம் கைமாறிப் போயிரும்.

அந்த வண்டிக்கு இப்ப வேற ஒருத்தர்கிட்ட பேரிங்க் செட்டும் புது பிரஷ்டு மோட்டாரும் ஈஎஸ்சியும் வாங்கி பையனே உக்காந்து மாட்டுனான், 2எஸ்ல ஓடுது. கழட்டுன மோட்டாரையும் புஷ்ஷையும் கேஸுக்காகப் பைல போட்டு எடுத்து வச்சிருக்கோம். கேஸ் நிக்கறதால அந்தப் பேஜ் பேர இங்க போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வாங்கலாமா வேணாமான்னு கொழப்பத்துல இருக்கறவங்க மோட்டார் போட்டோவும் மாடல் நம்பரும் போடுங்க, எனக்கோ பையனுக்கோ தெரிஞ்சா பாத்து சொல்றோம்.