பிரிட்ஜுக்கு அடியில நுழைஞ்ச பஸ் டிக்கெட்

போன வாரம் பங்காளி ஒருத்தன் போன் போட்டு, "கிடார் ஒண்ணு செய்யப் போறேன், எந்தப் பசை வாங்க, எத்தன கிளாம்ப் வேணும், டக்குனு சொல்லு"ங்கிறான். டக்குனு சொல்ற விசயமாய்யா இது. நாலு வருசமா மூணு கிடார் செஞ்சு கை பூரா தழும்பு. சரி, கேட்டதுக்காக எழுதிடுறேன், இனி யாரு கேட்டாலும் இதையே அனுப்பிக்கலாம்.

மொதக் கிடார் முழுக்க வெள்ளப் பசை. கதவு, கட்டிலுக்கு ஆசாரிங்க போடுற அதே பசைதான். எங்க வீட்டுக் கட்டில் இருபது வருசமா அசையாம நிக்குது, கிடாருக்கு மட்டும் என்ன வந்துறப் போகுதுன்னு நெனச்சேன். ஏழு மாசம் ஒரு கொறையும் இல்ல. அழகர் ஆத்துல எறங்குன வாரம், பன்னெண்டாவது ஃப்ரெட்ல, அதான் கழுத்துல குறுக்க இருக்குற கம்பிக் கட்டைல, அமுக்குனா விரல் வலிக்குது, கம்பி ஒசந்துருக்கு. பாக்கெட்ல கெடந்த திருப்பரங்குன்றம் பஸ் டிக்கெட்ட எடுத்து பிரிட்ஜோட, அதான் கம்பிங்களப் பிடிச்சுக்கிட்டு டாப் பலகை மேல ஒட்டியிருக்குற கட்டையோட, பின்னோரத்துல வச்சுப் பாத்தேன், பாதி டிக்கெட் உள்ள போயிருச்சு, ஒட்டு விட்டுப் பிரிட்ஜ் தூக்கிருக்கு. வயித்துல புளியக் கரைச்சுருச்சு.

காரணம் பின்னாடிதான் வெளங்குச்சு. கட்டில்ல நாம படுத்தா பாரம், எந்திரிச்சா இல்ல. ஸ்டீல் கம்பி கிடார்ல மெல்லிசான லைட் செட் கம்பி போட்டாலே ஆறு கம்பியும் சேந்து 70 கிலோ கணக்குல ராப்பகலா இழுத்துக்கிட்டே கெடக்கு. வெள்ளப் பசைங்கிறது பாலிவினைல் அசிடேட், அது 30, 40 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சுரும், உடையாது, பைய நகரும். நம்மூர்ல மே மாசம் வெளியவே 40, என் பட்டறை மொட்ட மாடித் தகர ஷெட், உள்ள எம்புட்டுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. டப்பாவுல கிடாருக்குன்னு எங்கயும் போடல, தப்பு எம்மேலதான், ஆனாலும் அந்த டப்பாவப் பாத்தா இன்னைக்கும் கடுப்பாத்தான் இருக்கு. இஸ்திரிப் பெட்டியில சூடு வச்சு பிரிட்ஜக் கழட்டி, பழைய பசைய ஒரு நாள் பூரா சுரண்டுனேன். காஞ்ச வெள்ளப் பசை மேல புதுப் பசை ஒட்டாது, மரம் தெரியுற வரைக்கும் சுரண்டியே ஆகணும்.

ரெண்டாவது கிடாருக்கு மஞ்சப் பசை, அலிபாட்டிக் ரெசின்னு சொல்லுவாங்களே அது. நல்ல பசை. காஞ்சா வெள்ளைய விடக் கெட்டியா நிக்குது, உப்புத்தாள் போட்டா ரப்பர் மாதிரி உருளாம பொடியா வருது. ஒரு மணி நேரம் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடிச்சு, அப்புறம் ஒரு நாள் சும்மா விட்டுட்டா போதும். மூணு கோடையத் தாண்டிருச்சு, டிக்கெட் நுழையல. இதப் பத்தி வேற சொல்ல ஒண்ணும் இல்ல.

மூணாவதுலதான் வச்சிரம். தோல வேகவச்சு எடுக்குற பழைய காலத்துப் பசை, குருணையா வரும். கிடார்காரங்க 192 கிராம்னு ஒரு தரம் சொல்லுவாங்க, அது எடை இல்ல, பசையோட பலத்துக்கு வைக்கிற எண்ணு, அத ஆன்லைன்ல வாங்குனேன். தண்ணியில ஊறவச்சு 60 டிகிரி சூட்டுல வச்சுக்கணும், கொதிச்சா பலம் போயிரும். இதுக்குன்னு விக்கிற பாத்திரம் வெல அதிகம், அதனால அம்மாவோட பால் குக்கர எடுத்துட்டேன், ரெட்டைச் சுவர், நடுவுல தண்ணி, தெர்மாமீட்டர் ஒண்ணு போட்டுக்கிட்டா அம்சமா வேல செய்யுது. அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு, "அதுல இனி நான் பால் காச்ச மாட்டேன், நீயே வச்சுக்க"ன்னுட்டாங்க.

வச்சிரம் காஞ்சா கண்ணாடி மாதிரி, நகருற பேச்சே இல்ல. நாளைக்குக் கழட்டணும்னாலும் சூடும் ஈரமும் குடுத்தா விட்டுரும், பழைய வச்சிரம் மேலயே புதுசு ஒட்டும். ஆனா தடவுன ஒரு நிமிசத்துல ஆறி ஜெல்லி ஆயிரும், அதுக்குள்ள கிளாம்ப் ஏறியிருக்கணும். குளிர் ஊர்க்காரங்க மரத்தச் சூடு பண்ணிட்டு ஒட்டுறாங்க. நமக்கு அந்தக் கவலையே இல்ல, மே மாசம் ஈட்டி மரத்தத் தொட்டா அதுவே சுடுது, பசை இன்னுங்கொஞ்ச நேரம் தண்ணியா நிக்குது. மொதக் கிடாரக் கெடுத்த அதே வெயில் இங்க ஒத்தாசைக்கு வருது!

இதுல என் ஒரே எரிச்சல் என்ன தெரியுமா, ஃபேன். ஃபேன் ஓடுனா பசை சட்டுனு உறைஞ்சுரும். அந்தத் தகர ஷெட்ல, மத்தியானம், ஃபேன ஆஃப் பண்ணிட்டு, பக்கத்துல அடுப்ப வச்சுக்கிட்டு நிக்கணும். ஒருதடவ மூக்கு நுனியில இருந்து வேர்வ சரியா பிரிட்ஜ் மேல சொட்டிருச்சு, தொடச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள பசை உறைஞ்சு போச்சு, மறுபடி சுரண்டல். கரண்ட் போனா அக்கம்பக்கத்துல எல்லாம் திட்டுவாங்க, நான் மட்டும் ஆஹா ஒட்டிரலாம்னு மாடிக்கு ஓடுவேன்.

கிளாம்ப்ல காசக் கொட்டாதீங்க. நான் வாங்குன எட்டு எஃப் கிளாம்ப்ல மூணு, முறுக்க முறுக்க நழுவுது. டாப்புக்கு உள்பக்கம் அதத் தாங்குற பிரேஸ் குச்சிங்கள ஒட்ட மூங்கில் தப்பையே போதும், கீழயும் மேலயும் பலகை, நடுவுல இடைவெளிய விட ஒரு இஞ்சு நீளமா சீவுன தப்பைய வளைச்சுச் செருகுனா அதுவே அமுக்கிப் பிடிச்சுக்கும். ஓரத்துக்கு சைக்கிள் டியூப்ப நாடாவா வெட்டிச் சுத்துங்க, உள்ள ஓரத்த ஒட்டி வர்ற லைனிங் பட்டைக்குத் துணி கிளிப். நல்ல கிளாம்ப் வேணும்னா அது பிரிட்ஜுக்குத்தான், சவுண்ட் ஹோல், அதான் டாப்புல இருக்குற வட்ட ஓட்டை, வழியா கைய நீட்டி எட்டணும், கடையில கெடைக்கிற சி கிளாம்ப் எட்டாது. புதூர் பக்கம் ஒரு பட்டறையில கொடுத்து, வெட்டி பட்டை வச்சு நீட்டி வாங்குனேன், என்கிட்ட இருக்குறதுலயே உருப்படியான சாமான் அதுதான். ஈரப் பசையில பிரிட்ஜ் வழுக்காம இருக்க கம்பி மாட்டுற ரெண்டு ஓரப் பின் ஓட்டையிலயும் பின்னச் செருகிட்டு முறுக்குங்க, இல்லன்னா அரை மில்லி தள்ளி ஒட்டிட்டு சுருதி சேரலன்னு அழணும்.

ஆக வச்சிரத்துக்குத்தான் என் ஓட்டு, ஆனா பங்காளி, நீ வாங்காத. உனக்குப் பொறுமை பத்தாது, பேசாம மஞ்சப் பசை வாங்கு. பிரிட்ஜ் மட்டும் வச்சிரத்துல வேணும்னா கிடாரத் தூக்கிட்டு மார்கழியில வா, மரத்தச் சூடு பண்ணிக்கிறேன், எனக்கு வேர்க்காம இருந்தாச் சரி. வரும்போது பால் குக்கர் ஒண்ணு வாங்கிட்டு வா, அம்மா ஒரு வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க.