வீட்டு சர்வருக்கு எந்தப் பெட்டி? பழைய டெஸ்க்டாப், ராஸ்பெரி பை, என்100, ஆபீஸ் கழித்துவிட்ட மினி: ஓர் அலசல்

வீட்டில் சர்வர் (போட்டோ, படம் எல்லாம் வைத்து மற்றக் கருவிகளுக்குத் தரும், ஓயாமல் ஓடும் கணினி) வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் விலையை. அது ஒரு தடவை கொடுக்கிற காசு. ராத்திரி பகலாக ஓடப்போகிற பொருளுக்கு மீட்டர் கேட்கிற காசுதான் பெரிது. ஒரு வாட் ஓயாமல் ஓடினால் 60 நாளில் 1.44 யூனிட், ஆண்டுக்கு 8.76 யூனிட். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும், பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு இபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை ரூ.4.80, 401 முதல் 500 வரை ரூ.6.45, 501 முதல் 600 வரை ஒரே தாவலாக ரூ.8.55, அதற்கு மேலும் படிப்படியாக ஏறி ஆயிரத்தைத் தாண்டினால் ரூ.11.80. ஃபிரிட்ஜும் ஃபேனும் ஏசியும் அடியில் இருக்கும் மலிவு யூனிட்டுகளை ஏற்கனவே தின்றுவிட்டன. சர்வர் வந்து உட்காருவது அவற்றின் தலைக்கு மேல். ஆகவே சராசரி விலையை எடுக்காதீர்கள், உங்கள் பில் கடைசியாகத் தொடும் படியின் விலையை எடுங்கள். கோடையில் ஏசி ஓடும் வீடு என்று வைத்து நான் 8.55-ஐ எடுத்துக்கொள்கிறேன்.

வேலை என்ன? ஃபோன்களில் இருக்கும் போட்டோக்களை இம்மிச் என்ற மென்பொருளில் சேர்ப்பது, ஜெல்லிஃபின் மூலம் டிவியில் படம் ஓட்டுவது, பை-ஹோல் வைத்து விளம்பரம் தடுப்பது. பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவுதான்.

இனி பெட்டிகள். பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் இலவசம் என்று தோன்றும். கிராபிக்ஸ் கார்டு செருகிய பழைய பெட்டி சும்மா இருக்கும்போதே 50, 60 வாட் இழுக்கும். 60 வாட் என்றால் ஒரு பில்லுக்கு 86 யூனிட்டுக்கு மேல், அந்த இலவச 100 யூனிட் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 8.55 கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய். கார்டைக் கழற்றினால் நன்றாகவே குறையும், ஆனாலும் மினி பெட்டிகளின் பக்கம் வராது. 3.5 அங்குல டிஸ்க் நாலைந்து உள்ளேயே மாட்ட வேண்டும் என்பவருக்கு மட்டும் இது சரி.

பழைய லேப்டாப் பரவாயில்லை. மின்சாரம் குறைவு, பேட்டரியே யுபிஎஸ். ஆனால் எப்போதும் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி உப்பிக்கொள்ளும். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிற மாடலாக இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி மேல் நம் ஆட்களுக்குத் தனிப் பிரியம். 2023 அக்டோபரில் வந்த பை 5, சும்மா இருக்கும்போது மூன்று வாட் அளவில்தான் இழுக்கும். அதில் யாரும் அதை வெல்ல முடியாது. ஆனால் வாங்கப் போனால் போர்டோடு முடியாது: 5 வோல்ட் 5 ஆம்பியர் தரும் தனி அடாப்டர், கூலர், கேஸ், என்விஎம்இ (நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி வகை) மாட்டத் தனிப் பலகை, அப்புறம் அந்த எஸ்எஸ்டி. எஸ்டி கார்டிலேயே ஓட்டிவிடலாம் என்பார்கள். ஓயாமல் எழுதும் வேலைக்கு அது தாங்காது. 2025 கடைசியில் மெமரி சிப் விலை ஏறி, பையின் விலையையும் ஏற்றிவிட்டார்கள். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் முழு மினி பிசியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்னொன்று, பை 5-இல் வீடியோவை மாற்றித் தரும் ஹார்டுவேர் என்கோடரே கிடையாது. டிவிக்குப் பிடிக்காத ஃபார்மட்டில் ஒரு 4கே படம் இருந்தால் வேலை முழுவதும் சிபியு தலையில் விழும், படம் திக்கித் திக்கித்தான் ஓடும். பை-ஹோலுக்கும், வீட்டு விளக்கு, சுவிட்சுகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளுக்கும் பை அருமை. போட்டோவும் படமும் என்றால் நான் வாங்க மாட்டேன்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்குள்தான்.

ஒரு பக்கம் இன்டெல் என்100. 2023-இல் வந்த சில்லு, நான்கு கோர், 6 வாட் என்று எழுதிய டிடிபி (சில்லு வெளியேற்றும் வெப்பத்தின் அளவு). முழுப் பெட்டியாக, சும்மா இருக்கும்போது 6 முதல் 10 வாட். வீடியோ மாற்றும் குவிக் சிங்க் உண்டு, ஏவி1 என்ற புதிய வகை வீடியோவைப் படிக்கவும் தெரியும். புதுசு, வாரண்டி உண்டு. குறை என்னவென்றால் மெமரி ஒரே சேனல் (தரவு போக ஒரே பாதை), இன்டெல் கணக்கில் உச்சம் 16 ஜிபி. அதைவிட, பேர் தெரியாத பிராண்டுகளில் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் என்பதே வராது.

மறுபக்கம் ஆபீஸ்கள் கழித்துவிட்ட குட்டிப் பெட்டிகள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் இவை கைமாறுகின்றன. உள்ளே இன்டெலின் எட்டாம் தலைமுறைச் சில்லு ஐ5-8500டி என்றால் ஆறு கோர், இரண்டு மெமரி ஸ்லாட், ஒரு என்விஎம்இ, ஒரு 2.5 அங்குல டிஸ்க். சும்மா இருக்கும்போது 10 முதல் 15 வாட்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே அனேகமாக எதையும் ஏற்பதில்லை. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் ஆபீஸ்களுக்கு வேண்டாத சரக்காகிவிட்டன. லினக்ஸுக்கு அந்தக் கவலை கிடையாது. மலிவாகக் கிடைத்தால் ஏழாம் தலைமுறையைத் தாராளமாக எடுக்கலாம். ஆறாம் தலைமுறையில் மட்டும் ஒரு சிக்கல்: இன்று பரவலாக இருக்கும் 10-பிட் ஹெச்இவிசி (ஒரு வீடியோ ஃபார்மட்) படங்களை அதன் குவிக் சிங்க் முழுதாகக் கையாளாது. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக ஒரு படி கீழே இறங்க வேண்டாம்.

இரண்டில் எது? வாட் கணக்கைப் போடுவோம். வித்தியாசம் 6 வாட் என்று வையுங்கள். ஆண்டுக்கு 53 யூனிட், 8.55 கணக்கில் 450 ரூபாய். புது என்100 ஐந்தாயிரம் கூடுதல் விலை என்றால் மின்சார மிச்சத்தில் அதை மீட்கப் பதினோரு ஆண்டு ஆகும். அதற்குள் இரண்டு பெட்டியுமே காயலான் கடைக்குப் போயிருக்கும். என் ஓட்டு பழைய ஆபீஸ் பெட்டிக்கே: கட்டுமானம் உறுதி, நிறுவனத்தின் பயாஸ், மெமரி ஏற்ற இடம். விலை வித்தியாசம் ஆயிரம், இரண்டாயிரம்தான் என்றால், அல்லது ஏவி1 படங்கள் நிறைய இருந்தால், யோசிக்காமல் என்100.

ரெடிமேட் நாஸ் (டிஸ்க் மாட்டி நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டி) பற்றி ஒரு வார்த்தை. அதை விற்கும் சினாலஜி நிறுவனத்தின் மென்பொருள் நன்றாகவே இருக்கும், வீட்டில் யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் கொடுக்கிற காசுக்கு உள்ளே இருக்கும் சில்லு எளியது. 2025-இல் வந்த பிளஸ் மாடல்களில் தங்கள் பட்டியலில் உள்ள டிஸ்க்தான் வேண்டும் என்று கெடுபிடி செய்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு அக்டோபரில் தளர்த்தினார்கள். மறுபடி அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று யார் சொல்வது?

பெட்டியைவிட டிஸ்க்குக்குத்தான் காசு போகும், அதுவும் இரண்டாக. ஒன்று ஓடுவதற்கு, ஒன்று பேக்கப்புக்கு. மினி பெட்டிகளுக்குள் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி உறையில் வெளியே வைக்க வேண்டும், சுழலும்போது அது ஐந்தாறு வாட் கூட்டும். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) அமைப்பவர்கள் எஸ்எம்ஆர் டிஸ்க்கை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், மறுபடி எழுத மந்தமான வகை) தவிருங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சொல்லாமல் எஸ்எம்ஆர் கலந்தது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. இப்போது ரெட் பிளஸ் என்று கேட்டு வாங்கினால் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வழக்கமான வகை) கிடைக்கும்.

இதையெல்லாம் விட்டு கூகுளுக்கே காசு கட்டிவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. 12 வாட் பெட்டி, 6 வாட் டிஸ்க், ஆக 18 வாட். ஆண்டுக்கு 158 யூனிட், சுமார் 1,350 ரூபாய். கூகுள் ஒன் 100 ஜிபி திட்டம் ஆண்டுக்கு 1,300. அதாவது உங்கள் போட்டோ நூறு ஜிபிக்குள் அடங்கினால் சர்வரின் கரண்ட் செலவே கூகுளைத் தாண்டிவிடும், பெட்டி விலை தனி. 2 டிபி திட்டம் 6,500. அங்கேதான் வீட்டு சர்வர் கணக்கில் ஜெயிக்கத் தொடங்கும்.

நம் ஊரில் கரண்ட் கட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் ஒரு யுபிஎஸ் சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால்தான் மாறும் நொடியில் பெட்டி அணையாமல் இருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் என்100-க்கு ஓர் அனுகூலம்: பல மாடல்களுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான், ரவுட்டருக்கு வைக்கும் மினி யுபிஎஸ்ஸிலேயே ஓட்டிவிடலாம், ஆம்பியர் போதுமா என்று பார்த்துக்கொண்டு. ஆபீஸ் பெட்டிகள் 19, 20 வோல்ட் கேட்பவை.

பழைய பெட்டி வாங்கப் போனால் கடையிலேயே போட்டுப் பாருங்கள். பயாஸுக்குள் நுழைய பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஏதோ ஒரு ஆபீஸின் பூட்டு அது. உள்ளே போனதும் கரண்ட் வந்தவுடன் தானாக எழும் அமைப்பைப் போட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள், எழ வேண்டும். டெல் என்றால் அடாப்டர் ஒரிஜினலா என்றும் பாருங்கள். அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் டெல் பெட்டி சிபியு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.