கரண்ட் போனாலும் வேலை நிற்கக்கூடாது: யுபிஎஸ், இன்வெர்ட்டர், மினி யுபிஎஸ் – யாருக்கு எது?

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோதான் வரும். முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள் என்பதால் அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களைப் படுத்தியெடுப்பது சொல்லாமல் வரும் வெட்டுதான். ஒரே நொடி போய்த் திரும்பும். மின்விசிறி வேகம் குறைவதற்குள் கரண்ட் வந்துவிடும். ஆனால் டெஸ்க்டாப் அணைந்திருக்கும், சேமிக்காத கோப்பு போயிருக்கும். ரவுட்டர் மறுபடி எழுந்து இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

கடையில் கேட்டால் இதற்கு மூன்று பொருள்களைக் காட்டுவார்கள்: கணினிக்கான சின்ன யுபிஎஸ், வீட்டு இன்வெர்ட்டர், ரவுட்டருக்கான மினி யுபிஎஸ். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைத்து விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் அதிகம். ஒன்று நிமிடக் கணக்கில் தாங்கும், இன்னொன்று மணிக் கணக்கில் தாங்கும், மூன்றாவது ரவுட்டரை மட்டும் பார்த்துக்கொள்ளும். நமக்குத் தொல்லை தருவது எந்த வெட்டு என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

முதலில் யுபிஎஸ். வீடுகளில் அதிகம் காணப்படுவது 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வகை. அதை 600 வாட் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பெரும்பாலான மாடல்கள் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 84 வாட் மணி நேரம், அதாவது 84 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு வருகிறது. வேகமாக இழுக்கும்போது அதுவும் முழுதாகக் கிடைக்காது. 120 வாட் அளவுக்கு எடுக்கும் சாதாரண டெஸ்க்டாப்பும் மானிட்டரும் புது பேட்டரியில் 15, 20 நிமிடம் ஓடும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்ததும், கரண்ட் போன உடனே யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. அது தெரியாமல் முழு யுபிஎஸ்ஸையும் தூக்கிப் போடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

யுபிஎஸ்ஸின் பலமே மாறும் வேகம்தான். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. கணினிக்குள் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் இல்லாமல் ஏறக்குறைய 16 மில்லி வினாடி சமாளிக்கும். யுபிஎஸ் 10 மில்லி வினாடிக்குள் பேட்டரிக்கு மாறிவிடுவதால் கணினிக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் லேசர் பிரிண்டரை மட்டும் இதில் மாட்டவே கூடாது. அதன் உள்ளே சூடேறும் பகுதி ஒரே இழுப்பில் பல நூறு வாட் எடுக்கும். யுபிஎஸ் ஓவர்லோடு ஆகி அணைந்துவிடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர்களுக்கு வைக்கும் டியூபுலர் வகை பேட்டரி 150 ஏஎச் என்றால் கணக்குப்படி 1,800 வாட் மணி நேரம், யுபிஎஸ்ஸைவிட இருபது மடங்குக்கு மேல். இரண்டு மின்விசிறி, விளக்குகள், ஒரு கணினி என்று சில மணி நேரம் ஓட்டலாம். கையில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் டெஸ்க்டாப் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்பவர்கள், எதையும் வாங்குமுன் அதன் முன்புறமோ பின்புறமோ உள்ள ஒரு சுவிட்சைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று இரண்டு இருக்கும். சிலவற்றில் நார்மலுக்கு ஈகோ என்று பெயர். நார்மலில் மாறுவதற்கு 40 மில்லி வினாடிவரை கூட ஆகலாம், கணினி தாங்காது. யுபிஎஸ் மோடில் வைத்தால் பத்துப் பதினைந்து மில்லி வினாடிக்குள் மாறிவிடும், டெஸ்க்டாப் பெரும்பாலும் தப்பிக்கும். காசு செலவில்லாத தீர்வு இது. கடைக்காரரோ பொருத்த வருபவரோ இதைச் சொல்லிக் கொடுக்காமல் போவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்.

ஆனால் யுபிஎஸ் மோடுக்கும் ஒரு விலை உண்டு. அந்த மோடில் 180 முதல் 260 வோல்ட்வரை வரும் கரண்டைத்தான் இன்வெர்ட்டர் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். கோடைக்கால இரவில் வோல்டேஜ் 170க்கு இறங்கும் தெருவாக இருந்தால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறிவிடும். அப்புறம் நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் மிச்சமிருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் நார்மல் மோடில் விட்டுவிட்டு டெஸ்க்டாப்புக்குத் தனி யுபிஎஸ் வைப்பதுதான் சரி.

அப்படி யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கும்போது ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பழைய, விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது ஸ்கொயர் வேவ், அதாவது சீராக வளையாமல் கட்டம் கட்டமாக ஏறி இறங்கும் கரண்ட். யுபிஎஸ் அதைக் கெட்ட கரண்ட் என்று எடுத்துக்கொண்டு ஏற்க மறுத்து, தன் பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் பீப் பீப் என்று கத்திவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணையும். இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடப்பதால் கணினியில்தான் கோளாறு என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மின்வாரியக் கரண்டைப் போலச் சீரான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தகராறு பெரும்பாலும் வராது. புதிதாக வாங்குபவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. லேப்டாப் அடாப்டரின் முதுகைப் பாருங்கள், 100 முதல் 240 வோல்ட்வரை என்று அச்சிட்டிருக்கும். அதற்கு ஸ்டெபிலைசர் தேவையே இல்லை.

மினி யுபிஎஸ்ஸை நான் கடைசிக்கு வைத்தாலும், பலருக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். லேப்டாப்பில் வேலை செய்பவருக்குக் கணினி பற்றிய கவலை இல்லை, அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. அணைவது ரவுட்டர் மட்டும். அது எடுப்பதோ 6 முதல் 10 வாட். இதற்காக இருபதாயிரம் ரூபாய்க்கு இன்வெர்ட்டர் வைப்பது தேவையற்றது. மினி யுபிஎஸ், கரண்டை 230 வோல்ட்டாக மாற்றி மறுபடி 12 வோல்ட்டாக இறக்கும் வீண் வேலையைச் செய்வதில்லை. லித்தியம் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துவிடும். மாறும் நேரம் என்ற பேச்சே இல்லை.

வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா? எத்தனை ஆம்பியர்? 1.5 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் கொடுத்தால் வைஃபையில் நெரிசல் கூடும்போது ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். பின்னின் அளவையும் கவனியுங்கள். 5.5 மில்லிமீட்டர் பின்னிலேயே உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு. மாறினால் பொருந்தாது, அல்லது தொட்டும் தொடாமலும் நிற்கும். பைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டு வெளியீடு உள்ள மாடல் வேண்டும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கணக்கில் ஏமாற வேண்டாம். 10,000 எம்ஏஎச் என்பது பொதுவாக 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வாட் கணக்கில் 37 வாட் மணி நேரம். 8 வாட் ரவுட்டருக்கு, இழப்பு போக மூன்றரை மணி நேரம் கிடைக்கலாம். காலை 9 முதல் மாலை 5 வரையான பராமரிப்பு நாளுக்கு அது போதாது. பூட்டிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். உப்பியிருப்பது தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தும் இணையம் வராமல் போகலாம். பைபர் இணைப்பில், தெருவில் ஒளியைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் அதற்கு அந்தப் பக்கம், நிறுவனத்தின் அறையிலோ உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் அறையிலோ இருக்கும் கருவிக்குக் கரண்ட் வேண்டும். அங்கே பேட்டரி இல்லாவிட்டால் நாம் என்ன செய்தும் பயனில்லை. அடுத்த முறை கரண்ட் போகும்போது மோடத்தை இன்வெர்ட்டர் உள்ள பக்கத்து வீட்டிலிருந்தோ நண்பரின் மினி யுபிஎஸ்ஸிலிருந்தோ கரண்ட் எடுத்து ஓட்டிப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஒளியே வரவில்லை. அப்போது மினி யுபிஎஸ்ஸுக்குப் பதிலாக மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு நல்ல டேட்டா பிளான் போடுவதே மேல்.

ஆக, லேப்டாப்பும் பைபரும் இருக்கிற வீட்டுக்கு மினி யுபிஎஸ் மட்டும். டெஸ்க்டாப் வைத்து, குறுகிய வெட்டுகளால் அவதிப்படுபவருக்கு 600 விஏ யுபிஎஸ், கூடவே மினி யுபிஎஸ். மணிக் கணக்கில் கரண்ட் போகும் ஊரில், குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டுக்கு பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர். அதில் யுபிஎஸ் மோடு சரியாக வேலை செய்தால் மற்ற இரண்டும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால், பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் கசியும் கொஞ்சம் மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கிறது. மூன்றாவது பின்னுக்கு எர்த் வரவில்லை என்று பொருள். யுபிஎஸ் அதைச் சரிசெய்யாது.