யாலவா, குமணவா? காட்டில் கூடாரமடிக்க விரும்புபவர்களுக்கு

இலங்கையின் தென்கிழக்கு மூலையில் யாலவும் குமணவும் அடுத்தடுத்த தேசியப் பூங்காக் காடுகள். இடையில் ஓடுவது கும்புக்கன் ஆறு ஒன்றுதான். 2006 வரை குமணவின் பெயரே ‘யால கிழக்கு’. இரண்டுக்கும் வடகீழ்ப் பருவமழைதான் ஆதாரம். மே முதல் செப்டம்பர் வரை முட்புதர் காய்ந்து, குளங்கள் சேறாகச் சுருங்கிக் கிடக்கும். இருந்தும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

சிறுத்தைதான் குறி என்றால் யாலவின் முதலாம் வலயத்தை மிஞ்ச இடமில்லை. உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. புலியும் சிங்கமும் இல்லாத தீவில் சிறுத்தையே ராஜா என்பதால், பட்டப்பகலில் பாறைமேல் கால்நீட்டிப் படுத்திருக்கும். ஆனால் அது படுத்திருக்கும் செய்தி கைபேசிவழி பரவ ஐந்து நிமிடம் போதும். அதன்பிறகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப்புகள் வந்து குவியும். முன்னால் நிற்பவர் நகரமாட்டார், பின்னால் நிற்பவருக்கு வால்கூடத் தெரியாது. கொழும்பிலிருந்து தெற்கு நெடுஞ்சாலையில் மத்தல வரை சுகமாக வந்துவிடலாம் என்ற வசதியே இந்த நெரிசலுக்குப் பாதிக் காரணம்.

இங்கேதான் கூடாரத்துக்கு மதிப்புக் கூடுகிறது. பூங்காவின் வாயில்கள் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படும். பகல் விருந்தாளிகள் பலட்டுப்பானை வாயிலில் வரிசையில் நின்று சீட்டு வாங்கும் நேரத்தில், மாணிக்க கங்கைக் கரையில் தங்கியவர் காட்டின் நடுவிலேயே பயணத்தைத் தொடங்கிவிடலாம். வாகனப் படை வந்து சேருமுன் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளிக்காகவே யாலவில் ஓர் இரவு தங்கலாம். இரண்டாம் இரவு தங்க நான் சிபாரிசு செய்யமாட்டேன். மறுநாள் பகலும் அதே நெரிசல்தானே.

குமணவில் அந்த உத்தியே தேவைப்படாது. பொத்துவில், பாணமை தாண்டி, உகந்தை முருகன் கோயிலுக்கு அருகிலேயே பூங்காவின் வாயில். போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த காடு இது. இன்றும் யாலவோடு பார்த்தால் வாகனம் குறைவு. சிறுத்தை உண்டு, காணக் கிடைப்பது அதிர்ஷ்டம். இதன் செல்வம் பறவைகள். சுமார் 200 ஹெக்டேர் பரப்புள்ள குமண வில்லு என்னும் இயற்கைக் குளத்தைச் சுற்றிய கண்டல் மரங்களில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் நாரைகளும் கரண்டிவாயன்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். கிளைக்குக் கிளை குஞ்சுகளின் இரைச்சல், மூக்கைத் துளைக்கும் எச்ச நாற்றம், கீழே வாய்பிளந்து கிடக்கும் முதலை. தொலைநோக்கி இல்லாமல் போவது வீண்.

ஒரு சிக்கல் உண்டு. கதிர்காம ஆடிவேல் விழாவுக்கு முன் பாதயாத்திரை அடியார்களுக்காகக் காட்டுப்பாதை திறக்கப்படும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வருபவர்கள் உகந்தையில் தங்கி, குமணவுக்குள் நுழைந்து, ஆற்றைக் கடந்து யால வழியாகக் கதிர்காமம் சேர்வார்கள். பறவைகள் கூடுகட்டும் பருவத்தோடு இதுவும் மோதிக்கொள்ளும். அந்த நாட்களில் தனிமையைத் தேடிப் போகாதீர்கள். அரோகராவோடு நடக்க விருப்பமிருந்தால் அதைவிட நல்ல பருவம் வேறில்லை.

இரவு என்று வந்தால் என் வாக்கு குமணவுக்குத்தான். கும்புக்கன் ஆற்றங்கரை மருதமரங்கள் பகல் வெயிலைக் கீழே இறங்கவிடாது. பொழுது சாய்ந்ததும் மந்திகள் உச்சிக் கிளைக்கு ஏறிவிடும். இருட்டில் புள்ளிமான் ஒன்று கீச்சென்று கத்தினால், எங்கோ சிறுத்தை நடக்கிறது என்று வழிகாட்டி காதைத் தீட்டிக்கொள்வார். விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பழங்களைக் கூடாரத்துக்குள் வைக்கவே வேண்டாம்: பகலில் குரங்கு வரும், இரவில் யானை வரும். ஆற்றில் இறங்குவதானாலும் வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும்.

வில்பத்து தேசியப் பூங்காவைச் சேர்க்கவில்லையே என்பவர்களுக்கு: வடமேற்கில் இருக்கும் அது யாலவைவிடப் பெரியது, வில்லுகளும் அழகு. ஆனால் அது அடர்ந்த காடு. களப்பும் மணல்மேடும் கடலும் சேர்ந்த இந்த வறண்ட கரையோரத்தோடு அதை ஒப்பிட முடியாது.

கூடாரமடிக்கும் இடங்களை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ‘சஃபாரி கேம்ப்’ என்று விளம்பரம் செய்யும் தனியார் முகாம்களில் பல பூங்காவுக்கு வெளியே இருப்பவை. பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் புலம்பெயர்ந்தோர் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் தயாராக வரவேண்டும், வித்தியாசம் பெரியது. யாலவின் முதலாம் வலயம் கடும் வறட்சியால் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படும். குமணவுக்குப் போகிறவர்கள் எரிபொருளையும் குடிநீரையும் பொத்துவிலிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.